பழைய கிட்டாரைக் கமிஷனுக்குக் கடையில் விடும்போது

என்னிடம் கிட்டார் கற்கும் பையன் ஒருவன் சென்ற மாதம் தன் எலக்ட்ரிக் கிட்டாரை விற்பதற்காகக் கடையில் விட்டுவிட்டு வந்தான். எவ்வளவுக்குப் பேசினாய் என்று கேட்டேன். "கடைக்கார அண்ணன் பார்த்துப் போட்டுத் தர்றேன்னு சொல்லிட்டாரு சார்" என்றான். பத்து வருஷத்துக்கு முன்னால் நானும் இதையே நம்பிக் கொடுத்துவிட்டு வந்தவன். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். துடைத்துக் கொடுங்கள், நாலு கடையில் விலை விசாரியுங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதற்குள் போகவில்லை.

கைக்கு எவ்வளவு வரும் என்று எழுதி வாங்காமல் விடுவது

நான் கொடுத்தது மெக்சிகோவில் செய்த ஃபெண்டர் ஸ்ட்ராடோகாஸ்டர் என்ற எலக்ட்ரிக் கிட்டார். 40,000 ரூபாய்க்குப் போகும், 20 சதவீதம் கமிஷன் என்றார் கடைக்காரர். 32,000 வரும் என்று மனக்கணக்குப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். ஒரு துண்டுச் சீட்டுகூட வாங்கவில்லை. தெரிந்தவரிடம் எழுதிக் கேட்டால் சந்தேகப்படுவதாக நினைப்பாரோ என்ற தயக்கம்தான்.

இரண்டு மாதம் போன் செய்தேன். "ஒருத்தர் பார்த்துட்டுப் போயிருக்காரு சார்" என்றே பதில் வந்தது. மூன்றாவது மாதம் நேரில் போனால், சுவரில் என் கிட்டார் தொங்கிய கொக்கி காலியாக இருந்தது. விற்றுப் பல நாள் ஆகியிருந்தது. வாங்கியவருக்கு 4,000 தள்ளுபடி. புதுக் கம்பிக்கும், வாசிக்கச் சுலபமாக நெக்கையும் கம்பி உயரத்தையும் சரிசெய்யும் செட்டப்புக்கும் 1,500. இலவசமாகக் கொடுத்த கிட்டார் பைக்கு 1,500. விற்ற 36,000-இல் கமிஷன் போக மிஞ்சிய 28,800-இல் இந்த மூவாயிரத்தையும் கழித்து, என் கணக்கு 25,800 என்றார்.

அதோடு முடியவில்லை. வாங்கியவர் முழுப் பணமும் தரவில்லை. 24,000 ரொக்கம், மீதி 12,000-க்குத் தன் பழைய அகூஸ்டிக் கிட்டாரை எக்ஸ்சேஞ்சாகக் கொடுத்திருக்கிறார். அது விற்றால்தான் எனக்கு மீதி. அன்றைக்குக் கைக்கு வந்தது 13,800. பாக்கி வந்து சேர ஏழு மாதம் ஆனது, அதுவும் இரண்டு தவணையாக. என்னைக் கேட்காமல் என் கிட்டாரை இன்னொரு கிட்டாருக்கு மாற்றியதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல்தான் வருகிறது.

அவரைத் திருடர் என்று சொல்ல மாட்டேன். சதவீதக் கமிஷனின் கணக்கே அப்படி. 4,000 தள்ளுபடி கொடுத்தால் அவர் கமிஷனில் குறைவது 800 ரூபாய். எனக்குக் குறைவது 3,200. வாடிக்கையாளர் பேரம் பேசும்போது 800-ஐ விட்டு வியாபாரத்தை முடிப்பதுதான் எந்தக் கடைக்காரருக்கும் வசதி. உங்கள் 3,200-ஐ நீங்கள்தான் காப்பாற்றிக்கொள்ள வேண்டும்.

சரி, விற்றது விற்றதுதானே, வாங்கியவரிடம் போய்க் கேட்கலாமா? முடியாது. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், பிரிவு 27 இதைப் பற்றியது. விற்றுத்தருவதையே தொழிலாகக் கொண்டவரிடம் நீங்களே சம்மதித்துப் பொருளைக் கொடுத்திருக்கிறீர்கள். அவர் வழக்கமான வியாபாரமாக அதை விற்று, வாங்கியவரும் உங்கள் நிபந்தனை எதுவும் தெரியாமல் நல்லெண்ணத்தோடு வாங்கியிருந்தால், அந்த விற்பனை செல்லும். நீங்கள் கேட்கக்கூடியது கடைக்காரரிடம் மட்டும். அங்கே எதைக் காட்டிக் கேட்பீர்கள்?

ஆகவே எழுதி வாங்குங்கள். ஒரு பக்கம் போதும். கிட்டாரின் மாடல், சீரியல் நம்பர், ஏற்கெனவே உள்ள கீறல்கள். கமிஷன் எத்தனை சதவீதம், எல்லாம் போக உங்கள் கைக்கு வரவேண்டிய குறைந்தபட்சத் தொகை எவ்வளவு. கம்பி, பை, செட்டப் செலவு யாருடையது. உங்களைக் கேட்காமல் எக்ஸ்சேஞ்ச் கூடாது. விற்று எத்தனை நாளில் பணம், விற்காவிட்டால் எந்தத் தேதியில் கிட்டாரைத் திருப்பி எடுப்பீர்கள். கடை சீல், கையெழுத்து, ஆளுக்கொரு பிரதி. "எனக்கு 30,000 கொடுங்க, மேலே வர்றது உங்களுக்கு" என்று சிலர் பேசுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மேலே நிறைய வரட்டும் என்று விலையை ஏற்றி மாட்டிவிட்டால், கிட்டார் சுவரிலேயே கிடக்கும். சதவீதமும் குறைந்தபட்சத் தொகையும் சேர்ந்து இருப்பதுதான் நல்லது.

அந்தப் பையன் வந்து சொன்னதற்கு மறுநாள், அவன் கிட்டாரை விட்ட கடைக்கு அவனோடு நானும் போனேன். கடைக்காரர் கோபித்துக்கொள்ளவில்லை. பில் புத்தகத்தை எடுத்து, நாங்கள் சொன்னதை அப்படியே எழுதி சீல் வைத்துக் கொடுத்தார்.

விற்பதற்கு முன் செலவழிப்பது

ஃப்ரெட் (விரல் வைக்கும் பலகையில் பதித்த உலோகக் கம்பிகள்) முழுக்க மாற்றுவது, பெயின்ட் அடிப்பது இரண்டும் வேண்டாம். அந்தப் பணம் விலையில் திரும்பி வராது. பெயின்ட் அடித்தால் விலை இறங்கவும் செய்யும். புதுக் கம்பி போடுங்கள், கரகரக்கும் வால்யூம் குமிழைச் சுத்தம் செய்யுங்கள். கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் பிக்கப்பை மாற்றியிருந்தால் பழைய பிக்கப்பைத் தேடி எடுத்துக் கூடவே கொடுங்கள். விவரம் தெரிந்து வாங்குபவர் முதலில் அதைத்தான் கேட்பார்.

கேஸ்

ரசீதில் எழுதாத கிட்டார் பெட்டி திரும்பி வராது.

யமஹா எஃப்310 போன்றவை

ஆரம்பநிலைக்கான இந்த மாதிரி விலை குறைந்த அகூஸ்டிக் கிட்டார்களைக் கமிஷனுக்கு விடாதீர்கள். புதிதாகக் கற்க வருபவருக்கு நேரடியாகக் கொடுத்துவிடுங்கள்.

கொடுத்துவிட்டு மறந்துபோவது

அகூஸ்டிக் கிட்டாருக்கு 45 முதல் 55 சதவீதம் வரை ஈரப்பதம் நல்லது. சென்னையில் வெளிக்காற்றில் அதைவிடப் பெரும்பாலும் அதிகம். கடையில் பகலெல்லாம் ஏசி ஓடிக் காற்று உலரும், இரவில் அது நின்றதும் ஈரம் ஏறும். மரம் சுருங்கி விரிந்து, இரண்டு மாதத்தில் நெக் வளைந்து, கம்பி மேலேறி, விரலுக்கு வலிக்கும் கிட்டாராகிவிடக்கூடும். கையில் எடுத்துப் பார்க்கும் யாரும் பிறகு வாங்க மாட்டார்கள். வருகிறவர்களின் பெல்ட் பக்கிள் உரசிப் பின்பக்கம் கீறல் விழும். வெயில் படும் கண்ணாடி ஜன்னலில் மாட்டியிருந்தால் உடனே இடம் மாற்றச் சொல்லுங்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை போய், ட்யூன் செய்து, பத்து நிமிஷம் வாசித்துவிட்டு வாருங்கள். நீங்கள் வாசிப்பதைக் கேட்டே யாராவது விலை கேட்பார்கள். என் இரண்டாவது கிட்டார் அப்படித்தான் விற்றது.

பேட்டரி

பழைய 9 வோல்ட் பேட்டரியை உள்ளே விட்டுக் கொடுக்காதீர்கள். கசிந்தால் கிட்டாருக்குள் ஒலியைப் பெருக்கும் பிரீஆம்ப் சர்க்யூட் போய்விடும்.