ஹீட்டர் உண்மையில் எத்தனை வாட் எடுக்கிறது?

வாட்டர் ஹீட்டர் ஓடும்போதே வோல்ட்டேஜை அளந்துகொள்ளுங்கள். லோடு இல்லாமல் பார்த்தால் கூடுதலாகக் காட்டும். கரண்ட்டுக்கு, கிளாம்ப் மீட்டரை (வயரைச் சுற்றிக் கவ்வி அளக்கும் கருவி) ஃபேஸ் வயரில் மட்டும் மாட்ட வேண்டும். இரண்டு வயரையும் சேர்த்துப் பிடித்தால் ஒன்றின் காந்தப்புலத்தை மற்றது அழித்து, பூஜ்யம்தான் வரும்.

230 வோல்ட், 6.5 ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். மின்தடை 230 ÷ 6.5 = 35.4 ஓம். திறன் 230 × 6.5 = 1,495 வாட். வோல்ட்டேஜ் 190-க்கு இறங்கினால்? தடை ஏறக்குறைய அதேதான்; திறன் = வோல்ட்டேஜ் × வோல்ட்டேஜ் ÷ தடை. 190 × 190 ÷ 35.4, அதாவது சுமார் 1,020 வாட்தான். தண்ணீர் சுட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு நேரமாவது இதனால்தான்.

குண்டு பல்பை மட்டும் மல்டிமீட்டரில் ஓம் பார்த்துக் கணக்கிடாதீர்கள். எரியாத இழையின் தடை பல மடங்கு குறைவு. ஃபேன், மோட்டார் என்றால் வோல்ட் × ஆம்பியரைப் பவர் ஃபேக்டராலும் (அதில் எவ்வளவு பங்கு உண்மையான வாட் என்று காட்டும் எண்) பெருக்க வேண்டும்.