சென்னைக் கடலில் ஒரு வருஷம் பிளாங்க்டன் அளப்பது எப்படி

புராஜெக்ட்டுக்குக் கடல் பிளாங்க்டனை, அதாவது நீரோட்டத்தோடு மிதந்து திரியும் நுண்ணுயிர்களை, பருவவாரியாக அளக்கப் போகிறேன் என்று மாணவர்கள் வந்தால் நான் முதலில் கேட்பது, “படகு யாருடையது?” ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடை. காசிமேட்டு விசைப்படகை நம்பினால் கோடை மாதங்கள் போச்சு. ஊரூர் குப்பம் பக்கம் ஃபைபர் படகு வைத்திருக்கும் அண்ணன் யாரையாவது பிடித்துக்கொள்ளுங்கள்.

இடமும் நேரமும் மாறக்கூடாது. பிளாங்க்டனில் விலங்கு மிதவை, தாவர மிதவை என்று இரண்டு வகை. விலங்கு மிதவைகளில் பல இரவில் மேலே வரும், பகலில் இறங்கிவிடும். ஒரு மாதம் விடிகாலையிலும் மறுமாதம் உச்சிவெயிலிலும் வலை போட்டால், வித்தியாசம் பருவத்தால் வந்ததா நேரத்தால் வந்ததா என்று சொல்லவே முடியாது.

விலங்கு மிதவைக்கு 200 மைக்ரான் (0.2 மி.மீ.) கண் வலை, தாவர மிதவைக்கு 20. வலைவாய் 30 செ.மீ. விட்டம் என்றால் 100 மீட்டர் இழுப்பில் சுமார் 7 கன மீட்டர் தண்ணீர் உள்ளே போகும். தூரத்துக்கு ஃபோன் ஜிபிஎஸ்ஸை மட்டும் நம்பாதீர்கள், நீரோட்டம் ஏமாற்றும். நீரோட்டத்தோடு ஒரு முறை, எதிர்த்து ஒரு முறை இழுத்துச் சராசரி எடுங்கள்.

கரைக்கு வந்ததும் சொறிமீன் துண்டுகளைப் பொறுக்கி எறிந்துவிட்டு மாதிரியை வடிகட்டுங்கள். அளவு ஜாடியில் 50 மி.லி. தண்ணீர் எடுத்து, வடிகட்டியில் தங்கியதை அதில் போடுங்கள். மட்டம் 51.4 ஆனால் 1.4 மி.லி.; 7 கன மீட்டருக்கு வகுத்தால் கன மீட்டருக்கு 0.2. உயிர்த்திரள், அதாவது தண்ணீரில் இருக்கும் பிளாங்க்டனின் மொத்த அளவு, அதன் கணக்கு அவ்வளவுதான்.

நான் கோட்டை விட்டதும் இங்கேதான். ஒரு நவம்பரில், அடையாறு முகத்துவாரம் சேற்றுத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்த வாரம், ஜாடியில் மட்டம் கிடுகிடுவென ஏறியது. மழையில் மும்மடங்கு என்று பெருமையாக எழுதிக் கொடுத்தேன். வழிகாட்டி ஒரு சொட்டை மைக்ரோஸ்கோப்பில் வைத்துவிட்டு, “தம்பி, இதில் பாதிக்கு மேல் வண்டல்ப்பா” என்றார். வலைக்கண்ணும் அடைத்திருந்ததால் நான் போட்ட 7 கன மீட்டரும் பொய். அதனால் மழை மாதங்களில் இழுப்பைச் சுருக்குங்கள், ஒரு சொட்டையாவது கண்ணால் பாருங்கள்.

ஐரோப்பியப் பாடப்புத்தகத்தின் வசந்தகாலப் பெருக்கத்தை, வெயில் கூடியதும் தாவர மிதவை பெருகுவதை, இங்கே தேடாதீர்கள். நமக்கு வெயில் வருஷம் முழுக்க உண்டு, குறைவது சத்துதான். சூடான மேல்நீர் மூடிபோல் நின்று, அடியிலுள்ள நைட்ரேட் சத்தை மேலே விடாது. கரை தாண்டிய வங்கக் கடலில் ஆற்று நன்னீரும் அந்த மூடியைத் தடிப்பாக்கும். கரையோரத்தில் மழை சத்தைக் கொண்டுவரும், கூடவே சேற்றைக் கொண்டுவந்து வெளிச்சத்தையும் மறைக்கும். காற்றடங்கிய வெயில் மாதங்களில் தண்ணீர்மேல் மரத்தூள் தூவியதுபோல் தெரிந்தால் அது டிரைக்கோடெஸ்மியம் என்ற நீலப்பச்சை நுண்ணுயிராக இருக்கலாம், காற்றின் நைட்ரஜனையே எடுத்துக்கொள்ளும் கில்லாடி. 2019 ஆகஸ்டில் ஈ.சி.ஆர். கரையில் அலை நீலமாக மின்னியதே, அது நாக்டிலூக்கா என்ற ஒளிரும் ஒற்றைச்செல் உயிர். அதுபோன்ற நாளின் அளவைத் தனியாகக் குறித்து வையுங்கள், மாதச் சராசரியில் கலக்காதீர்கள்.

உயிர்த்திரள் கையிருப்பு, உற்பத்தித்திறன் வரவு. கோப்பிபாட் (இறால் சாதிக் குட்டி விலங்கு மிதவை) கூட்டம் தாவர மிதவையை மேய்ந்துகொண்டே இருந்தால் கையிருப்பு குறைவாகத் தெரியும், வரவோ அமோகமாக இருக்கும். தாவர மிதவை வெளியிடும் ஆக்சிஜனை வைத்து வரவைப் பார்க்கலாம், அதற்குக் கடல்நீர் நிரப்பிய மூன்று பாட்டில் வேண்டும். ஒன்றில் தொடக்க ஆக்சிஜன், ஒன்று வெளிச்சத்துக்கு, ஒன்று கறுப்புத் துணி சுற்றியது. பின்னிரண்டையும் கடலில் விட்ட மிதப்பானில் கட்டி நான்கு மணி நேரம் தொங்கவிடுங்கள். வெளிச்ச பாட்டிலின் ஆக்சிஜனிலிருந்து இருட்டு பாட்டிலினதைக் கழித்தால் மொத்த உற்பத்தி. ஆக்சிஜனை அளக்க உதவும் விங்க்ளர் மருந்தைப் படகிலேயே ஊற்றிவிடுங்கள், லேப் வரை காத்திருந்தால் அளவு மாறிவிடும்.

அப்புறம், மாதிரி கெடாமலிருக்க, அதன் ஒன்பது பங்குக்குக் கடை ஃபார்மலின் ஒரு பங்கு. சீட்டைப் பென்சிலில் எழுதி பாட்டிலுக்குள்ளேயே போடுங்கள். வெளியே ஒட்டியது ஈரத்தில் உரிந்து, எது மார்ச் எது ஜூலை என்று தெரியாமல் நான் ஒரு அலமாரி முன் நின்றிருக்கிறேன்.