ஓ(2)-ஐ ஓ(0)-ஆல் பெருக்குவது எப்படி: ஹால் இயற்கணிதம் கையால் போடும் முறை

குவாண்டம் அஃபைன் இயற்கணிதத்தில் (ஒரு லை இயற்கணிதத்தை நெளித்துக் கிடைப்பது) கியூ என்பது நெளிவின் அளவுரு. முடிவுறு புலத்தின் மேல் அமைந்த வளைவரைகளில் ஆட்டோமார்ஃபிக் சார்புகளைப் படிக்கும்போது, அந்தப் புலத்தில் எத்தனை உறுப்புகள் என்பதற்கும் பெயர் கியூதான். இரண்டும் ஒன்றே என்று மிகாயில் கப்ரானோவ் 1996-இல் ஹால் இயற்கணிதம் வழியாகக் காட்டினார்; உள்ளே எத்தனை உட்பொருள்கள் என்று எண்ணிப் பெருக்கும் முறை அது. குவிவர்களுக்கு (புள்ளிகளும் அம்புகளும் கொண்ட வரைபடங்கள்) இதையொத்த உண்மையை ரிங்கல் 1990-லேயே சொல்லியிருந்தார் (அபிஷேகப்பட்டியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் தொடங்கிய அதே ஆண்டு). கட்டுரையைப் பத்துத் தடவை வாசிப்பதைவிட அதன் சில பெருக்கல்களைத் தாளில் போட்டுப் பார்ப்பது மேல். திருநெல்வேலி ஜங்ஷனில் பஸ் ஏறினால் அபிஷேகப்பட்டி போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிடும்.

எம்.எஸ்சி. அளவு நேரியல் இயற்கணிதம் போதும். கூடவே க்ரோத்தெண்டிக்கின் 1957 தேற்றம்: வீழ்ப்புக் கோட்டின் (projective line) மேல் எந்த வெக்டர் பண்டிலும் (ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு வெக்டர் வெளி) ஓ(0), ஓ(1), ஓ(2) போன்ற லைன் பண்டில்களின் (அந்த வெளி ஒருபரிமாணம்) கூட்டாகப் பிரிந்துவிடும். முதலில் கியூ = 2 என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஓ(0)-இலிருந்து ஓ(3)-க்குப் போகும் கோப்பு (map) என்றால் அ, இ என்ற இரு மாறிகளில் படி 3 உள்ள சமபடித்தான கோவை, அவ்வளவுதான். படி 1-க்கு இப்படி 4 கோவைகள், படி 2-க்கு 8. எதிர்ப்படி என்றால் பூச்சியம் மட்டுமே.

ஹால் இயற்கணிதத்தின் பெருக்கல் விதி இது. ‘ம பெருக்கல் ந’ என்றால், ஒவ்வொரு பண்டிலுக்குள்ளும் ந-வைப் போன்ற உட்பண்டில்களில், வகுத்தால் ம மிஞ்சுபவை எத்தனை என்று எண்ணி, அந்த எண்ணைக் கெழுவாகப் போட வேண்டும். வலப்பக்கம் உள்ளதே உட்பண்டில். சில நூல்கள் இதைத் திருப்பி எழுதும். நூல் மாறும்போது விடையும் மாறுகிறதே என்று குழம்புவது இங்கேதான். சொதிக்கு மூன்றாம் பாலில் காயை வேகவைத்து முதல் பாலைக் கடைசியில் விடுகிறோம். வரிசையை மாற்றினால் திரிந்துபோகும். இங்கேயும் வரிசைதான் எல்லாம்.

முதலில் ஓ(0)·ஓ(1). உள்ளே உட்கார வேண்டியது ஓ(1). அதிலிருந்து ஓ(0)-க்குக் கோப்பே கிடையாது என்பதால் ஒரே ஓர் இடம். விடை 1 முறை [ஓ(0)⊕ஓ(1)].

இனித் திருப்பிப் போடுங்கள்: ஓ(1)·ஓ(0). ஓ(0)-வை உள்ளே அனுப்ப ஒரு மாறிலியும் ஒரு படி-1 கோவையும் வேண்டும். மாறிலி பூச்சியமானால் கோவை ஏதோ ஒரு புள்ளியில் பூச்சியமாகி, வகுத்தலில் டார்ஷன் (சில புள்ளிகளில் மட்டும் உட்காரும் பகுதி) வந்துவிடும்; அது ஓ(1) ஆகாது. ஆகவே மாறிலி 1, கோவை எதுவாகவும் இருக்கலாம்: 4. ஓ(1)·ஓ(0) = 4 ஓ(0)·ஓ(1) என்று கிடைக்கிறது.

ஓ(1)·ஓ(1)-இல் இருபரிமாண வெளியின் கோடுகளை எண்ணினால் போதும்: 3 முறை [ஓ(1)⊕ஓ(1)].

ஓ(2)·ஓ(0)-வில்தான் சுவை. [ஓ(0)⊕ஓ(2)]-க்கு மேலே சொன்ன அதே வாதம்: 8. ஆனால் [ஓ(1)⊕ஓ(1)] என்ற புதிய ஆளும் வருகிறார். அவருக்குப் பொதுப் பூச்சியம் இல்லாத இரண்டு படி-1 கோவைகள் வேண்டும். பூச்சியமல்லாத கோவைகள் மூன்று: அ, இ, அ+இ. முதலாவதுக்கு 3 வழி, இரண்டாவதுக்கு 2 வழி: ஆக 6, அதாவது ஓ(1)·ஓ(1)-இன் 3-ஐப் போல் 2 மடங்கு. எனவே

ஓ(2)·ஓ(0) = 8 ஓ(0)·ஓ(2) + 2 ஓ(1)·ஓ(1).

கியூ = 3-க்குப் போகும்போது 48 ஜோடிகள் வரும்; அதை கியூ−1, அதாவது 2-ஆல் வகுத்து 24 என்று எழுதுங்கள். மாறிலியால் பெருக்கினாலும் உட்பண்டில் அதேதான். கியூ = 2-இல் இந்த வகுத்தல் கண்ணில் படாது என்பதால் பலரும் இங்கே சறுக்குவார்கள்.

அடுத்து முறுக்கு (twist). இங்கே ம, ந எண்கள். ஓ(ம)·ஓ(ந) என்ற ஒவ்வொரு பெருக்கலையும் √கியூ-வின் (ந−ம+1)-ஆம் அடுக்கால் பெருக்கி, புதிய உறுப்புகளை ஈ₀, ஈ₁, ஈ₂ என்று அழையுங்கள்.

ஈ₁ஈ₀ = 2 ஈ₀ஈ₁
ஈ₂ஈ₀ = 2 ஈ₀ஈ₂ + ஈ₁ஈ₁

பொதுவாக 2 இருக்கும் இடத்தில் கியூ, ஈ₁ஈ₁-இன் கெழு கியூ−1. எஸ்எல்-2-இன் (சுவடு பூச்சியமான 2×2 அணிகள்) குவாண்டம் அஃபைன் இயற்கணிதத்துக்கு டிரின்ஃபெல்ட் தந்த ‘புதிய’ வடிவத்தின் இருபடி உறவுகள் இவையே. கடைசி வரியில் √2 மிஞ்சினால் ஏதோ ஒரு பெருக்கலுக்கு முறுக்குப் போட மறந்திருக்கிறீர்கள்.

ஆட்டோமார்ஃபிக் பக்கம் எங்கே? தரம் 2 பண்டில்களின் மேல் வரையறுத்த சார்பு என்பதே கிளைவற்ற (unramified) ஆட்டோமார்ஃபிக் சார்பு. ஈ(ச) = Σ ஈₙ சⁿ என்று தொடராக்கினால் ஈ(ச)ஈ(த) என்பது ஐசன்ஸ்டைன் தொடர் (லைன் பண்டில்களிலிருந்து கட்டும் தரம் 2 சார்பு); மேலே உள்ள உறவுகள் எல்லாம் சேர்ந்து அதன் சார்புச் சமன்பாடு:

(த − 2ச) ஈ(ச)ஈ(த) = (2த − ச) ஈ(த)ஈ(ச).

வ = ச/த என்று எழுதி, கோட்டின் ஸீட்டா சார்பை ஸீட்டா(வ) = 1/((1−வ)(1−2வ)) என்று போட்டால், இடம் மாற்றும் காரணி 2·ஸீட்டா(வ)/ஸீட்டா(வ/2) என்று சுருங்கும். ஆனால் சமன்பாட்டை அப்படியே வகுத்துவிடாதீர்கள். தொடர் இரு திசையிலும் முடிவில்லாமல் போகிறது. வகுத்தால் எந்தப் பகுதியில் விரிக்கிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறும். பெருக்கிய வடிவிலேயே கெழுக்களை ஒப்பிடுங்கள்.

ஹெக்கே செயலிகளும் (ஒரு புள்ளியில் பண்டிலை மாற்றிக் கூட்டுபவை) இதே கணக்கில் உண்டு. ஒரு புள்ளியின் டார்ஷன் ஷீஃபைப் ‘பு’ என்றால் பு·ஓ(0) = ஓ(1) + 2 ஓ(0)·பு. கோட்டின் 3 புள்ளிகளையும் கூட்டினால் ஓ(1)-க்கு முன் 3 வரும்.

நீள்வட்ட வளைவரைக்குப் போனால் ஸீட்டாவின் தொகுதியிலும் ஓர் இருபடிக் கோவை சேரும், உறவுகளும் கனக்கும். அது பர்பன்–ஷிஃப்மான் ஆராய்ந்த வேறொரு இயற்கணிதம். அதற்கு முன் ஓ(4)·ஓ(0)-வில் [ஓ(2)⊕ஓ(2)]-இன் கெழுவைப் போட்டுப் பாருங்கள். 24 வர வேண்டும். 27 வந்தால், இரண்டு கோவைகளையும் வகுக்கும் அ² + அ·இ + இ²-ஐக் கவனிக்காமல் விட்டிருக்கிறீர்கள்: கோட்டின் 3 புள்ளிகளில் எதிலும் அது பூச்சியமாகாது, ஆனாலும் படி 2 உள்ள புள்ளி ஒன்றில் பொதுப் பூச்சியம் இருக்கிறது.