பூட்டிய விண்ணப்பப் படிவத்தை நிரப்பும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலைக்கான விண்ணப்பப் படிவத்தைப் பல நிறுவனங்கள் பிடிஎஃப் கோப்பாகவோ வேர்டு கோப்பாகவோ தருகின்றன. அதில் கேள்விகளும் தலைப்புகளும் மாற்ற முடியாதபடி பூட்டப்பட்டிருக்கும். விடை எழுதுவதற்கான கட்டங்கள் மட்டும் திறந்திருக்கும். விண்ணப்பிப்பவரைத் தடுப்பதற்காக இந்தப் பூட்டைப் போடுவதில்லை. ஒவ்வொரு கட்டத்துக்கும் கோப்புக்குள் ஒரு மறைவான பெயர் உண்டு. நிறுவனத்தின் மென்பொருள் அந்தப் பெயரைக் கொண்டே பிறந்த தேதி எது, கல்வித் தகுதி எது, முன் அனுபவம் எது என்று பிரித்தறிந்து தன் பட்டியலில் சேர்த்துக்கொள்ளும். தகுதி இருந்தும் விண்ணப்பம் வீணாவதற்குக் காரணமான தவறுகளில் பல, இந்த ஏற்பாட்டை அறியாமல் செய்யப்படுபவை.

அவற்றுள் மிகப் பெரியது பூட்டை உடைக்க முயல்வது. கட்டம் சிறியதாக இருக்கிறது என்றோ எழுத்துரு பிடிக்கவில்லை என்றோ, பூட்டைத் திறந்து தருவதாகச் சொல்லும் ஏதோவொரு இணையதளத்தில் கோப்பைப் பதிவேற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். பாதி நிரப்பிய படிவத்தில் முகவரி, பிறந்த தேதி, அடையாள எண், இப்போதைய சம்பளம் எல்லாம் இருக்கும். அவற்றை முன்பின் தெரியாத ஒருவரிடம் ஒப்படைப்பதற்கு இது சமம். திறந்து வந்த கோப்பிலும் கட்டங்களின் பெயர்கள் அப்படியே இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. வேர்டு படிவத்தில் பாதுகாப்பை நீக்கிவிட்டு மீண்டும் போட்டால், சில பதிப்புகளில் அதுவரை எழுதிய விடைகள் அனைத்தும் அழிந்துவிடும். இவற்றையெல்லாம் தாண்டி, கேள்வியின் வாசகம் மாறியிருக்கிறதோ என்ற ஐயம் பெறுபவருக்கு எழுந்துவிட்டால் அதைப் போக்குவது மிகக் கடினம்.

படிவத்தை அச்சிட்டுக் கையால் எழுதி ஸ்கேன் செய்து அனுப்புவதும், நிரப்பிய பின் அச்சிடும் வழியாகப் புதிய பிடிஎஃப் ஒன்றை உருவாக்கி அனுப்புவதும் ஏறக்குறைய ஒரே விளைவையே தரும். கண்ணுக்கு விடைகள் தெரியும். ஆனால் கட்டங்கள் மறைந்து, பக்கம் வெறும் தோற்றமாகிவிடும். மனிதர் படிக்கும் அலுவலகத்தில் இது பொறுத்துக்கொள்ளப்படலாம். மென்பொருள் படிக்கும் இடத்தில் அது வெற்றுப் படிவமாகவே கணக்கில் கொள்ளப்படலாம். கையால் எழுதலாம் என்று அறிவிப்பில் தெளிவாகக் கூறியிருந்தாலொழிய, கிடைத்த கோப்பையே நிரப்பிச் சேமித்து அனுப்புவதுதான் சரி.

கோப்பை எதில் திறக்கிறோம் என்பதும் முக்கியம். மின்னஞ்சலின் முன்னோட்டத்திலோ உலாவியின் சாளரத்திலோ அப்படியே நிரப்பத் தொடங்கினால், ஒரு மணி நேர உழைப்பு சேமிக்கப்படாமலே போகக்கூடும். சில செயலிகளில் நிரப்பிய விடைகள், வேறொரு செயலியில் திறந்தால் கட்டத்தைச் சொடுக்கும்வரை தெரிவதில்லை. 'தயவுசெய்து காத்திருக்கவும்' என்ற பொருள்படும் செய்தி மட்டுமே திரையில் நின்றால், கோப்பு பழுதாகிவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். அது எக்ஸ்எஃப்ஏ என்ற பழைய வகைப் படிவமாக இருக்கலாம். அதைக் கணினியில் அடோபி ரீடர் கொண்டு திறந்து பார்க்க வேண்டும். எந்தப் படிவமானாலும் முதலில் பதிவிறக்கி உங்கள் பெயரில் சேமியுங்கள். ஒரே ஒரு கட்டத்தை நிரப்பி, சேமித்து, மூடி, மீண்டும் திறந்து, எழுதியது இருக்கிறதா என்று பாருங்கள். இந்தச் சிறு சோதனையை நான் மிகவும் வலியுறுத்துவேன்.

தமிழில் விடை எழுதுவோருக்குத் தனியான இடர்கள் சில உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து கட்டத்தில் ஒட்டினால், பெறுபவரின் திரையில் பொருளற்ற குறிகளே தோன்றும். எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான யூனிகோடு குறிமுறையில்தான் எழுத வேண்டும். யூனிகோடிலும், படிவத்தில் வைத்துள்ள எழுத்துரு தமிழை ஏற்காவிட்டால் வெற்றுச் சதுரங்கள் வரலாம் என்பதால், சேமித்த கோப்பை வேறொரு கணினியிலும் திறந்து பார்ப்பது நல்லது. எழுத்து வரம்பு மற்றொரு சிக்கல். மென்பொருள் பெரும்பாலும் உயிர்மெய் எழுத்தை ஒன்றாக எண்ணுவதில்லை. உயிர்க்குறியையும் புள்ளியையும் தனித்தனியே எண்ணும். 'விண்ணப்பம்' என்ற சொல் நமக்கு 6 எழுத்து, கணினிக்கு 10. ஆகவே 500 எழுத்து இடம் தந்திருந்தால், நாம் நினைப்பதைவிட மிக முன்னதாகவே அது நிறைந்துவிடும். நீண்ட விடையை வேறிடத்தில் எழுதிக் கொண்டுவந்து ஒட்டும்போது, வரம்பை மீறிய பகுதி எந்த எச்சரிக்கையும் இன்றி வெட்டப்படலாம். ஒட்டிய பின் கடைசி வாக்கியத்தைப் படித்துப் பார்ப்பது இதனால்தான் அவசியம்.

வரம்பே குறிக்கப்படாத கட்டங்களிலும் கவனம் வேண்டும். உருட்டிப் படிக்கக்கூடிய கட்டத்தில் எவ்வளவும் எழுதலாம் என்று தோன்றும். ஆனால் அச்சிட்டால் கட்டத்துக்குள் தெரிகிற பகுதி மட்டுமே தாளில் வரும். கட்டத்தின் ஓரத்தில் கூட்டல் குறி தோன்றினால், விடை வெளியே வழிகிறது என்று அடோபி ரீடர் உணர்த்துகிறது எனக் கொள்ளுங்கள். அந்த நிலையில் சுருக்கி எழுதுவதே வழி. 'தன்விவரக் குறிப்பில் காண்க' என்று எழுதிவிட்டு நகர்வது, கேட்ட கேள்விக்கு விடை தர மறுப்பதாகவே படிக்கப்படும். வேர்டின் பூட்டிய படிவங்களில் பிழைதிருத்தி வேலை செய்யாமல் இருப்பதும் உண்டு; எனவே எழுத்துப்பிழைகளை முன்கூட்டியே களைந்துகொள்ள வேண்டும்.

கீழ்விரி பட்டியல்களில் முதலில் நிற்கும் விடையை மாற்றாமல் விட்டுவிடுவது எளிதில் கண்ணில் படாத தவறு. தேதியை எந்த வரிசையில் கேட்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். 03/04/2019 என்பது ஒருவருக்கு ஏப்ரல் 3, இன்னொருவருக்கு மார்ச் 4.

டிஜிட்டல் கையொப்பத்தை எல்லாம் முடிந்த பிறகே இட வேண்டும். கையொப்பமிட்டவுடன் சில படிவங்களில் மற்றக் கட்டங்களும் பூட்டிக்கொள்ளும். பூட்டாத படிவத்திலும், பின்னர் செய்யும் திருத்தம் கையொப்பத்தையே செல்லாததாக்கிவிடலாம். கையொப்பமிடாத நகல் ஒன்றைத் தனியே வைத்திருந்தால், பிழை தெரியவரும்போது முதலிலிருந்து தொடங்க வேண்டியிராது.

இத்தனைக்குப் பிறகும் ஒரு கட்டம் திறக்காமலோ, கட்டாயக் கேள்விக்குப் பொருந்தும் விடை பட்டியலில் இல்லாமலோ இருந்தால், அது படிவத்தை உருவாக்கியவரின் பிழையாக இருக்கலாம். கடைசி நாளுக்குச் சில நாட்கள் முன்பாகவே, எந்தப் பக்கத்தில் எந்தக் கட்டம், எந்தச் செயலியில் திறந்தபோது என்ன நேர்ந்தது என்பதைத் திரைப்பிடிப்புடன் (ஸ்கிரீன்ஷாட்) நிறுவனத்துக்கு எழுதி, மாற்றுப் படிவம் தரும்படி கேளுங்கள். அந்த மின்னஞ்சலையும் அதற்கு வந்த பதிலையும், தேர்வு முடியும்வரை அழிக்காமல் வைத்திருங்கள்.