மைலேஜுக்காக ஜெட்டில் கை வைக்கும் முன்

2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகை விதி வந்த பிறகு விற்ற பைக்குகளில் பெரும்பாலும் ஃபியூயல் இன்ஜெக்ஷன்தான். அதில் திருக ஸ்க்ரூ கிடையாது. இங்கே சொல்வது அதற்கு முந்தைய 100, 125 சிசி கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம்) வண்டிகளுக்கு.

முதலில் இப்போது என்ன கொடுக்கிறது என்று அளந்துவிடுங்கள். ஒரே பங்க்கில் டேங்க் கழுத்து வரை நிரப்பி, 150 கிலோமீட்டராவது ஓட்டி, அங்கேயே மறுபடி அதே அளவுக்கு நிரப்பி, ஓடிய தூரத்தைப் பிடித்த லிட்டரால் வகுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றைச் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்றே தெரியாது.

நடு ஸ்டாண்ட் போட்டு நியூட்ரலில் பின்சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள். பிரேக் ஷூ உரசினால் தளர்த்துங்கள். டயர் காற்றைக் கம்பெனி சொன்ன அளவுக்கு வையுங்கள். மதுரை மேலூர் பக்கம் கிரானைட் தூசியில் ஓடும் வண்டிக்கு ஏர் ஃபில்டர் சீக்கிரம் அடைக்கும்; காற்று குறைந்தால் பெட்ரோல் கூடுதலாக எரியும். எண்ணெய் தோய்த்த காகித ஃபில்டருக்கு ஏர் அடிக்கக் கூடாது, மாற்றத்தான் வேண்டும்.

அடுத்து கார்புரேட்டர். பெட்ரோல் டேப்பை மூடி, அடிக்கிண்ணத்தின் வடிகால் ஸ்க்ரூவைத் தளர்த்தி, கண்ணாடிக் குப்பியில் பிடியுங்கள். தண்ணீர் இருந்தால் குப்பியின் அடியில் மணி மணியாக உருளும். துருவும் சேர்ந்து வந்தால் டேங்க்கையே கழுவ வேண்டும். ஜெட் என்பது பெட்ரோலை அளந்து விடும் சின்னப் பித்தளைத் துண்டு; அதன் துளையில் கம்பி விடாதீர்கள். பித்தளை தேய்ந்து துளை பெரிதானால் அந்த ஜெட் போனதுதான். ஏர் அடித்தால் போதும்.

டியூனிங்கை ஐந்தாறு கிலோமீட்டர் ஓட்டிச் சூடான இன்ஜினில்தான் செய்ய வேண்டும். பெட்ரோல்-காற்றுக் கலவையைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸர் ஸ்க்ரூவை மெல்ல உள்ளே திருகி, எத்தனை சுற்றில் உட்காருகிறது என்று குறித்துக்கொண்டு, பழைய இடத்துக்கே கொண்டுவாருங்கள். இறுக்கினால் ஊசி முனையில் வரி விழும், அப்புறம் டியூனிங் நிற்கவே நிற்காது. ஸ்க்ரூ ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் உள்ளே திருகத் திருகப் பெட்ரோல் கூடும். இன்ஜின் பக்கம் இருந்தால் குறையும். இதை மாற்றிப் புரிந்துகொண்டுதான் பலர் கெடுக்கிறார்கள். வண்டி ஐடிலில் நிற்க, கால் சுற்று கால் சுற்றாகத் திருகுங்கள். சத்தம் ஏறி ஏறி ஓரிடத்தில் உச்சத்துக்குப் போய், தாண்டினால் தொய்யும். அந்த உச்சத்தில் நிறுத்தி, ஐடில் ஸ்க்ரூவால் நிமிடத்துக்கு 1,400 சுற்று அளவுக்கு இறக்குங்கள். பிறகு இன்னொரு முறை உச்சம் தேடுங்கள்.

அதற்கு மேல் பெட்ரோலைக் குறைக்க வேண்டாம். சின்ன மெயின் ஜெட், ஆக்ஸிலேட்டரோடு ஏறி இறங்கும் ஊசியான நீடிலைத் தாழ்த்துவது எல்லாம் நாலு நாள் மைலேஜ் தரும். சித்திரை வெயிலில் ஆள் ஏற்றி இழுக்கும்போது பிஸ்டனைப் பிடிக்க வைக்கும். இப்போதைய இ20 பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால், பழைய ஜெட்டுக்கே கலவை கொஞ்சம் மெலிந்துதான் (காற்று கூடி, பெட்ரோல் குறைந்து) போகிறது. ஆக்ஸிலேட்டரை விட்டதும் சைலன்சரில் டப் டப் என்று வெடித்தாலோ, பிளக்கின் பீங்கான் வெள்ளையாக வெளுத்தாலோ கலவை மெலிவு. கரி படிந்தால் பெட்ரோல் அதிகம். காப்பிப் பொடி நிறமே சரி.

கடைசியாகச் செயின் பல், அதாவது செயின் ஓடும் பற்சக்கரம். முன்னே 14 பல், பின்னே 42 என்றால் விகிதம் 3. முன்னே 15 போட்டால் 2.8, அதே வேகத்தில் இன்ஜின் 100 சுற்றிய இடத்தில் 93 சுற்றினால் போதும். தினம் திருமங்கலத்துக்கோ மேலூருக்கோ நாலுவழிச் சாலையில் தனியாகப் போய்வருபவருக்கு இது பலன் தரும். கோரிப்பாளையம், சிம்மக்கல் நெரிசலில் ஓடும் வண்டிக்கும், பூ மூட்டை ஏற்றும் வண்டிக்கும், சிறுமலை ஏறும் வண்டிக்கும் வேண்டவே வேண்டாம். டாப் கியரில் 40-இல் உதறி, மூன்றாவதுக்கு இறக்கி, பாதிக் கிளட்ச் பிடித்து ஓட்டினால் மிச்சமானதெல்லாம் அங்கேயே கரைந்துவிடும்.

பல் வாங்கும்முன் மூடிக்குள் 15 பல் உரசாமல் சுற்றுமா என்று பாருங்கள். கியரில் போட்டுப் பின்பிரேக்கை மிதித்துக்கொண்டு முன்பல்லின் போல்ட்டைத் தளர்த்துங்கள். பின் அச்சு நட்டைத் தளர்த்திச் சக்கரத்தை முன்னே நகர்த்தினால்தான் செயின் உட்காரும். அப்போதும் எட்டாவிட்டால் நீளமான செயின் வேண்டும். நீண்டுபோன பழைய செயினைப் புதுப் பல்லில் மாட்டினால் இரண்டும் சீக்கிரம் தேயும். பின் அச்சின் இரு பக்க அளவுக் கோடும் சமமாக வைத்து, கீழ்ச்செயினின் நடுவில் 25 முதல் 30 மில்லிமீட்டர் ஆட்டம் விட்டு நட்டை இறுக்குங்கள்.

ஸ்பீடாமீட்டர் கேபிள் முன்சக்கரத்திலிருந்து வந்தால் கிலோமீட்டர் கணக்கு மாறாது. கியர்பாக்ஸிலிருந்து எடுக்கும் வண்டியில் 100 என்று காட்டும்போது உண்மையில் 107 ஓடியிருக்கும். மைலேஜ் கணக்கில் அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.