ஜொகூர் பாலம் தாண்டும்போது போனில் டேட்டா அறுந்துபோகாமல் இருக்க

சிங்கப்பூரின் உட்லண்ட்ஸில் இருந்து மலேசியாவின் ஜொகூர் பாரு போகும் பாலம் ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். போன் குழம்புவதும் அந்த ஒரு கிலோமீட்டரில்தான். பஸ் நெரிசலில் நின்றுகொண்டிருக்கும், சிங்கப்பூர் டவர் மெல்ல மங்கும், மலேசிய டவர் ஏறும், எதைப் பிடிப்பது என்று உங்களைக் கேட்காமலேயே போன் முடிவு செய்துவிடும். அந்த முடிவைப் போனிடம் விடாதீர்கள். கிளம்புவதற்கு முன்பு வீட்டில் உட்கார்ந்து நீங்களே எடுத்துவிடுங்கள்.

இதை நான் கற்றுக்கொண்டது பாலத்தில் கூட இல்லை. அம்மா கும்பகோணத்தில் இருந்து வந்திருந்தபோது ஒரு சாயங்காலம் உட்லண்ட்ஸ் வாட்டர்ஃபிரண்ட் பூங்காவுக்குக் கூட்டிப்போனேன். எதிர்க்கரையில் ஜொகூர் கட்டடங்கள் கை நீட்டினால் தொட்டுவிடலாம் போலத் தெரியும், அதை ஊரில் இருக்கும் சித்திக்குக் காட்ட வீடியோ கால் போட்டார். பாதியில் கால் நின்றுவிட்டது. பார்த்தால் மலேசியாவுக்கு வரவேற்கிறோம் என்று ஒரு எஸ்எம்எஸ், கூடவே இருப்புத் தொகை தீர்ந்துவிட்டது என்று இன்னொன்று. அவர் போட்டிருந்த ரோமிங் பேக் (ஊர் சிம்மையே வெளிநாட்டில் பயன்படுத்தப் போடும் திட்டம்) சிங்கப்பூருக்கு மட்டும், போன் ஏறியதோ அக்கரை டவரில். "நான் இந்த ஊரை விட்டு ஒரு அடி எடுத்து வைக்கலையேப்பா" என்று அம்மா கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. கஸ்டமர் கேரில் அரை மணி நேரம் பேசியும் காசு திரும்பவில்லை.

அதனால் முதல் வேலை இதுதான். இரண்டு நாட்டுக்கும் நடுவே இருக்கும் நீரிணைக் கரையோரம், அதாவது உட்லண்ட்ஸ், கிராஞ்சி, செம்பவாங், புலாவ் ஊபின் பக்கம் போகிறீர்கள் என்றால் போன் செட்டிங்ஸில் மொபைல் நெட்வொர்க் பகுதிக்குள் போய், நெட்வொர்க்கைத் தானாகத் தேர்ந்தெடு என்பதை அணைத்துவிட்டு, உங்கள் சிங்கப்பூர் நிறுவனத்தின் பெயரைக் கையால் தேர்ந்தெடுங்கள். அந்தப் பட்டியல் வர ஒரு நிமிடம், சில சமயம் இரண்டு நிமிடம் ஆகும், பொறுமையாக இருங்கள். ஜொகூர் பாருவில் கரையோரம் தங்கும் மலேசிய சிம்காரர்களுக்கும் இதே தொல்லை திருப்பிப் போட்டு வரும், மருந்தும் இதேதான். கரையை விட்டு விலகியதும் மறக்காமல் தானியங்கிக்கு மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் வேறு இடத்தில் சிக்னலே இல்லாமல் போன் சும்மா கிடக்கும்.

சரி, நிஜமாகவே அக்கரை போகிறீர்கள் என்றால் என்ன செய்வது? சிங்கப்பூரில் வசிப்பவர் என்றால் முதலில் உங்கள் மாதத் திட்டத்தைத் திறந்து பாருங்கள். இப்போது பல திட்டங்களில் மலேசிய ரோமிங் டேட்டா சேர்ந்தே வருகிறது, அது இருப்பது தெரியாமலேயே தனியாக சிம் வாங்குகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு நாள் ஷாப்பிங், சாப்பாடு என்றால் அதுவே போதும். மலாக்கா, கோலாலம்பூர், பினாங்கு என்று நான்கைந்து நாள் சுற்றுவதாக இருந்தால் ஹாட்லிங்க், செல்காம்டிஜி, யு மொபைல் மாதிரி ஒரு உள்ளூர் ப்ரீபெய்ட் சிம் வாங்குவதுதான் என் விருப்பம். பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும், அங்கே பதிவு செய்யாமல் சிம் தர மாட்டார்கள். குடிநுழைவு முடிந்து மேம்பாலம் வழியாக நடந்தால் சிட்டி ஸ்குவேர் மால் வந்துவிடும், அங்கேயே வாங்கிப் போட்டு நெட் வருகிறதா என்று கடைக்காரர் முன்னாலேயே பார்த்துவிட்டு நகருங்கள்.

மூன்றாவது வழி இசிம், அதாவது அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே நிறுவும் சிம். இந்தியாவில் இருந்து வந்து சிங்கப்பூர், மலேசியா இரண்டையும் ஒரே பயணத்தில் பார்க்கிறவர்களுக்கு, இரண்டு நாட்டிலும் வேலை செய்யும் ஒரே இசிம் வசதிதான். உங்கள் போன் இசிம் ஏற்குமா என்று தெரிய *#06# அழுத்துங்கள், இஐடி என்று ஒரு நீள எண் வந்தால் ஏற்கும். க்யூஆர் கோடு ஸ்கேன் செய்து நிறுவும் வேலையை ஊரிலேயே வீட்டு வைஃபையில் முடித்துவிடுங்கள். பஸ்ஸில் போய்க்கொண்டே செய்யலாம் என்று நினைக்காதீர்கள், இசிம் நிறுவுவதற்கே நெட் வேண்டும்! வாங்குவதற்கு முன் நாள் கணக்கு எப்போது தொடங்கும் என்று படியுங்கள், சிலது நிறுவிய நிமிடத்தில் இருந்து ஓட ஆரம்பித்துவிடும், சிலது அங்கே போய் முதலில் டவர் பிடித்ததில் இருந்து. இன்னொன்று, இவற்றில் பெரும்பாலானவை டேட்டா மட்டும்தான், பேச ஒரு நம்பர் கிடைக்காது.

அதனால் பழைய சிம்மைக் கழற்றி எறிய வேண்டாம். வங்கி ஓடிபி எல்லாம் அந்த நம்பருக்குத்தான் வரும். அதை போனிலேயே வைத்திருங்கள், ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே சர்வதேச ரோமிங் வசதியை ஆன் செய்யச் சொல்லிவிடுங்கள், அதே சமயம் அந்த சிம்முக்கான டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்து வையுங்கள். ஐபோனில் இரண்டு சிம் இருந்தால் டேட்டாவை ஒரு சிம்மில் இருந்து மற்றதற்குத் தானாக மாற்ற அனுமதிக்கும் ஒரு சின்ன சுவிட்ச் உண்டு. அதையும் அணைத்துவிடுங்கள், புது சிம்மில் சிக்னல் போகும் நேரத்தில் பழைய சிம்மில் காசு கரைவது அந்த வழியாகத்தான். அப்புறம், புது சிம் போட்டதும் வாட்ஸ்அப் நம்பரை மாற்றட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

பாலம் தாண்டும் அன்று நெட்டை நம்பி எதையும் வைக்காதீர்கள். மலேசியாவின் மின்னியல் வருகை அட்டையைப் பயணத்துக்கு முந்தைய 3 நாட்களுக்குள் நிரப்ப வேண்டும் (சிங்கப்பூர்க் குடிமக்களுக்குத் தேவையில்லை). திரும்பி வரும்போது சுற்றுப்பயணிகள் சிங்கப்பூர் வருகை அட்டையும் நிரப்ப வேண்டும். மின்னஞ்சலில் வருவதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போனில் வைத்துக்கொள்ளுங்கள், ஹோட்டல் முகவரியையும் அப்படியே. கூகுள் மேப்பில் ஜொகூர் பகுதியைத் தரவிறக்கி வையுங்கள், ஆனால் அதில் கார் வழி மட்டும்தான் கிடைக்கும், பஸ் வழி நெட் இல்லாமல் வராது. அக்கரையில் இறங்கியதும் ஏரோப்பிளேன் மோடை அரை நிமிடம் போட்டு எடுங்கள், மங்கிப்போன பழைய டவரை விட்டுவிட்டு புதிதாகத் தேடிப் பிடிக்கும். சிக்னல் முழுசாகக் காட்டியும் நெட் வரவில்லை என்றால் போன் செட்டிங்ஸில் ஏபிஎன் (சிம்மை நெட்டோடு இணைக்கும் அமைப்பு) என்ற இடத்தைப் பாருங்கள், பெரும்பாலும் அங்கேதான் சிக்கல் இருக்கும். சிம் அட்டையிலோ இசிம் வந்த மின்னஞ்சலிலோ என்ன போட வேண்டும் என்று எழுதியிருப்பார்கள்.

வயதானவர்கள் பழைய போனோடு வந்தால் இதையும் பாருங்கள். மலேசியா 3ஜி-யை 2021 கடைசியில் மூடிவிட்டது. சிங்கப்பூர் 2ஜி-யை 2017-லும் 3ஜி-யை 2024-லும் மூடியது. 4ஜி-யிலேயே பேச உதவும் வோல்ட்டி வசதி போனில் இல்லை என்றால் சிங்கப்பூரில் நெட் ஓடும், சாதாரண கால் மட்டும் போகவே போகாது. வாட்ஸ்அப் காலில் பேசச் சொல்லிக்கொடுத்துக் கூட்டி வாருங்கள்.

ரோமிங்கில் நெட் ஏன் இவ்வளவு மந்தம் என்று கேட்கிறவர்களுக்கு: ரோமிங் டேட்டா பெரும்பாலும் உங்கள் சொந்த நிறுவனத்தின் நாட்டுக்குப் போய்த்தான் இணையத்துக்குள் நுழையும். ஜொகூரில் உட்கார்ந்து இந்திய சிம்மில் பக்கத்துத் தெரு உணவகத்தைத் தேடினால், அந்தக் கேள்வி இந்தியா போய்த் திரும்பி வரும். சில பயண இசிம்கள் மூன்றாவது நாடு ஒன்றின் வழியாகச் சுற்றும், அப்போது வங்கி ஆப் சந்தேகப்பட்டு உள்ளே விடாமல் நிற்கலாம். அந்த ஐந்து நிமிடத்துக்கு மட்டும் ஹோட்டல் வைஃபைக்கு மாறிப் பாருங்கள்.

பாலத்துக்குப் பதில் ஹார்பர்ஃபிரண்டில் ஃபெரி ஏறி இந்தோனேசியாவின் பாத்தாம் தீவுக்குப் போகிறவர்கள் ரோமிங் அல்லது இசிம் வைத்துக்கொள்வதே நல்லது. அங்கே உள்ளூர் சிம் போட்டால் வெளிநாட்டு போனின் ஐஎம்இஐ என்ற அடையாள எண்ணைப் பதிவு செய்யும் வேலை வேறு சேரும், ரோமிங் சிம்முக்கு அது கிடையாது. அங்கே நேரம் ஒரு மணி பின்னால். டவர் பிடித்ததும் போன் கடிகாரம் தானாக மாறிவிடும், நடுக்கடலில் எந்த டவரைப் பிடித்திருக்கிறதோ அந்த நேரத்தைக் காட்டும். திரும்பும் ஃபெரிக்கு டிக்கெட்டில் போட்டிருப்பது எந்த ஊர் நேரம் என்று கவுண்டரிலேயே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.