விலைக்கு இன்பாக்ஸ் வாங்க!

2019-இல் மதுரையில் வீட்டிலிருந்தபடியே சுங்குடி, கண்டாங்கிச் சேலைகள் விற்க ஆரம்பித்தேன். கடை என்று எதுவும் கிடையாது. ஒரு வாட்ஸ்ஆப் எண், ஒரு இன்ஸ்டாகிராம் பக்கம், மாடி அறையில் இரண்டு பீரோ, அவ்வளவுதான். புதிதாக இதே வழியில் இறங்குகிறவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் ஃபாலோயரை எப்படி ஏற்றுவது என்றுதான். வந்தவர்களை நாமே எப்படித் துரத்துகிறோம் என்று யாரும் கேட்பதில்லை. அதில்தான் எனக்கு அனுபவம் அதிகம்.

முதல் துரத்தல் விலையில் ஆரம்பிக்கிறது. படத்தைப் போட்டுவிட்டு, விலை கேட்பவர்களிடம் 'இன்பாக்ஸ் வாங்க சிஸ்' என்போம். பக்கத்துக் கடைக்காரருக்கு விலை தெரியக்கூடாது என்பது ஒரு காரணம். கமெண்ட் கூடினால் பதிவு நிறைய பேருக்குப் போகும் என்ற நப்பாசை இன்னொன்று. நேரில் ஒரு கடைக்காரர் 'உள்ளே வாங்க, விலையைக் காதில் சொல்கிறேன்' என்றால் நாம் போவோமா? அதோடு, நாம் ஃபாலோ செய்யாதவர் இன்ஸ்டாகிராமில் அனுப்பும் செய்தி பெரும்பாலும் நேராக இன்பாக்ஸுக்கு வராது, 'ரெக்வெஸ்ட்' பகுதியில் போய் உட்கார்ந்துகொள்ளும். கிரகப்பிரவேசத்துக்கு 14 சேலை வேண்டும் என்று கேட்ட ஒரு செய்தியை நான் பார்த்தபோது, அந்த வீட்டில் பால் காய்ச்சி மூன்று வாரம் ஆகியிருந்தது.

அந்த 'சிஸ்' பற்றியும் ஒரு வார்த்தை. என்னைவிட முப்பது வயது மூத்த, ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவருக்கு 'ஓகே டியர்' என்று அனுப்பியிருக்கிறேன். அவர் சேலையை வாங்கிக்கொண்டார், திரும்ப வரவில்லை. முதல் செய்தியில் 'வணக்கம்மா' போதும். அப்புறம் அவர்கள் நம்மை எப்படிக் கூப்பிடுகிறார்களோ அதைப் பார்த்து மாற்றிக்கொள்ளலாம்.

அடுத்தது வாட்ஸ்ஆப் குழு. 1024 பேர் வரை சேர்க்கலாம் என்பதால், எண் கிடைத்த எல்லோரையும் கேட்காமலே சேர்த்துவிடுகிறோம். குழுவில் இருக்கும் அத்தனை பேருக்கும் மற்றவர்களின் எண் தெரியும் என்பது அப்போது ஞாபகம் வருவதில்லை. என் குழுவில் வாடிக்கையாளர்போல நுழைந்த ஒருவர், ஒவ்வொருவருக்கும் தனியாகத் தன் சரக்குப் படத்தை அனுப்பியிருக்கிறார். வியாபாரம் போனதுகூடப் பரவாயில்லை. ஒரு பெண்ணுக்கு இரவு பத்தரைக்கு முன்பின் தெரியாத எண்ணிலிருந்து 'ஹாய்' வந்திருக்கிறது. அவர் என்னிடம்தானே கோபப்படுவார்?

குழுவுக்குப் பதிலாகப் பிராட்காஸ்ட் லிஸ்ட் வைக்கலாம்; ஒரே செய்தி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போகும். ஒரு லிஸ்டில் 256 பேர். ஆனால் நம் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் அது போய்ச் சேரும். இது தெரியாமல் 'அனுப்பினேனே, யாரும் கேட்கவில்லையே' என்று புலம்புபவர்கள் நிறைய. பார்சலோடு ஒரு சீட்டு வைத்து, எண்ணைச் சேமித்துக்கொள்ளச் சொல்லுங்கள். 2023-இல் வந்த வாட்ஸ்ஆப் சேனலில் ஒருவர் எண் இன்னொருவருக்குத் தெரியாது. சரக்கு காட்ட அது போதும். பேச்சுவார்த்தைக்குத் தனிச் செய்திதான்.

இனி புகார். சேலை வியாபாரத்தில் பாதிப் புகாரை நாமே விதைக்கிறோம். டியூப்லைட்டில் படம் எடுத்து, ஃபில்டரும் போட்டால் அரக்கு சிவப்பாகிவிடும், மயில்கழுத்து வெறும் நீலமாகிவிடும். காலை வெயில் நேராகப் படாத ஜன்னலோரத்தில் எடுத்தாலே பாதித் தொல்லை தீரும். சாயம் விஷயமும் அப்படித்தான். அடர் நிறச் சுங்குடி முதல் துவைப்பில் கொஞ்சம் சாயம் விடும், தனியாக அலச வேண்டும் என்று விற்கும்போதே சொன்னால் அது ஆலோசனை. வெள்ளைச் சட்டையெல்லாம் ரோஸ் ஆன பிறகு சொன்னால் சாக்கு.

ஆரம்பத்தில் அப்படி ஒரு சாயப் புகார் பதிவுக்குக் கீழேயே வந்தது. அழித்தேன். அவர் மறுபடி எழுதினார், பிளாக் செய்தேன். அவர் தன் பக்கத்தில் படத்தோடு முழுக்கதையையும் எழுதினார். நான் அழித்த கமெண்டின் ஸ்கிரீன்ஷாட்டும் அதில் இருந்தது. அதே இடத்தில் 'மன்னிக்கணும்மா, இப்போதே அழைக்கிறேன்' என்று எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதிவிட்டுப் பணத்தைத் திருப்பியிருந்தால் ஒரு சேலையோடு போயிருக்கும். 2020-இல் வந்த மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளே, புகார் கிடைத்தது என்று 48 மணி நேரத்துக்குள் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்கச் சொல்கின்றன. வாடிக்கையாளர்போல வேஷம் போட்டுத் தன் பொருளைத் தானே புகழ்ந்து எழுதுவதற்கும் அதில் தடை உண்டு. நாத்தனாரை விட்டு 'சூப்பர் குவாலிட்டி' எழுத வைப்பவர்கள் கவனிக்க. 'அன்பாக்ஸிங் வீடியோ இல்லாமல் புகார் ஏற்கப்படாது' என்று பெரிய எழுத்தில் போடுவது, வாங்குமுன்பே 'உங்களை நம்பவில்லை' என்று சொல்வதுபோல எனக்குப் படுகிறது. பார்சலில் சேலை மாறிப்போகும் சண்டையைப் பார்த்தவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

பணம் வந்த ஸ்கிரீன்ஷாட்டைப் பெயரோடு ஸ்டேட்டஸில் போடாதீர்கள். நம் பெயரில் போலிப் பக்கம் திறப்பவர்களுக்கு அது வாடிக்கையாளர் பட்டியல். யாராவது ஏமாந்து பணம் அனுப்பிவிட்டால், உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழைக்கச் சொல்லுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே செயலியில் வைப்பதும் ஆபத்து. 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் உட்பட 59 செயலிகள் தடை செய்யப்பட்டன. ஆரி வேலை செய்யும் என் தோழிக்கு வாடிக்கையாளர்கள் எல்லோரும் டிக்டாக்கில்தான். ஒருவர் எண்கூட அவளிடம் இல்லை. அதைப் பார்த்துத்தான் நான் ஒரு நீளநோட்டு போட்டேன். பெயர், எண், என்ன வாங்கினார், என்ன நிறம் கேட்டுக் கிடைக்காமல் போனது, எல்லாம் அதில் இருக்கும்.

ஆனால் நோட்டு இருந்தால் மட்டும் போதவில்லை. ஒரு தீபாவளிக்கு எல்லோருக்கும் 'பண்டிகை ஆஃபர்' அனுப்பினேன். திருமங்கலத்து அம்மா ஒருவரிடமிருந்து பதில்: 'இந்த வருஷம் எங்களுக்குப் பண்டிகை இல்லைம்மா.' ஆவணியில் அவர் ஒரு ஆர்டரை ரத்து செய்தபோதே வீட்டுக்காரர் தவறிவிட்டதைச் சொல்லியிருந்தார். நான் நோட்டில் 'கேன்சல்' என்று மட்டும் எழுதியிருந்தேன். அதை அடித்துவிட்டு, 'அடுத்த ஆவணி வரை எதுவும் அனுப்ப வேண்டாம்' என்று எழுதினேன். அப்புறம் அவருக்கு போன் செய்தேன். சேலையைப் பற்றி இருவருமே பேசவில்லை.